மேற்பரப்பின் விலை

செல்பேசியின் லித்தியம் அயனி பேட்டரிக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தாள்கள் சுருட்டியோ மடித்தோ வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று அலுமினியத் தாள். அதன் இருபுறமும் கோபால்ட், நிக்கல் முதலான உலோகங்களின் ஆக்சைடு பூசியிருக்கும். இது கேத்தோடு. மற்றது தாமிரத் தாள், பத்து மைக்ரான் அளவே தடிமன். அதன் இருபுறமும் கரிப்பூச்சு. இது ஆனோடு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நடுவே நுண்துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் சவ்வு, அதை நனைத்தபடி மின்பகுளித் திரவம்.

சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் கேத்தோடை விட்டுக் கிளம்பி, திரவத்தைக் கடந்து, ஆனோடுக்குள் போய்த் தங்குகின்றன. அவற்றுக்கு ஈடான எலக்ட்ரான்கள் சார்ஜர் வழியாக வெளிச்சுற்றில் வந்து சேர்கின்றன. நாம் பேசும்போதும் படம் பார்க்கும்போதும் இரண்டும் அதனதன் வழியே திரும்புகின்றன. ஆகவே நல்ல ஆனோடு என்றால் நிறைய லித்தியத்துக்கு இடம் தர வேண்டும், கேட்ட வேகத்தில் திருப்பித் தர வேண்டும், ஆயிரம் முறை இப்படிச் செய்த பிறகும் உடல் குலையாமல் இருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு சில அணுக்களே தடிமன் கொண்ட இருபரிமாணத் தாள்கள்தான் பொருத்தம் என்று கடந்த இருபது ஆண்டுகளில் ஆய்வுக் கட்டுரைகள் வந்து குவிந்திருக்கின்றன. கிராஃபீன், மாலிப்டினம் டைசல்ஃபைடு, மேக்ஸீன், பாஸ்ஃபரீன் என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் கடையில் வாங்கும் பேட்டரியின் கரிப்பூச்சில் இன்றும் பெரும்பங்கு பழைய கிராஃபைட்தான். இத்தனை ஆற்றல் காட்டும் தாள்கள் ஏன் இன்னும் அதன் இடத்தைப் பிடிக்கவில்லை? வேதியியலைக் கொஞ்சமும் கூட்டல் கழித்தலைக் கொஞ்சமும் கலந்தால் விடை கிடைக்கும்.

கிராஃபைட் என்னும் அடுக்குமாடி

கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னிய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. தாளுக்குள் அணுக்களின் பிணைப்பு மிக உறுதியானது. தாளுக்கும் தாளுக்கும் இடையிலான ஈர்ப்போ மிகவும் பலவீனமானது. பென்சிலைக் காகிதத்தில் இழுத்தால் கோடு விழுவது இதனால்தான். இரு தாள்களுக்கு இடையே உள்ள தொலைவு 0.335 நானோமீட்டர். அப்படியானால் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஏறக்குறைய 30 லட்சம் தாள்கள்.

லித்தியம் இந்த இடைவெளிகளில்தான் நுழைகிறது. எல்லா இடைவெளிகளிலும் ஒரே நேரத்தில் நுழைவதில்லை. முதலில் சில இடைவெளிகளைத் தாண்டித் தாண்டி ஒன்றில் அமர்கிறது. பிறகு ஒன்றுவிட்டு ஒன்று நிரம்புகிறது. கடைசியில் எல்லாம் நிரம்புகின்றன. கண்ணாடிச் சன்னல் வைத்த மின்கலத்தை ஒளி நுண்ணோக்கியில் வைத்தால் இந்தப் படிநிலைகளை நிறமாகவே பார்க்கலாம். கருஞ்சாம்பல் நிறத்தில் தொடங்கும் கிராஃபைட் நீலமாகி, பாதி நிறைந்ததும் சிவந்து, முழுதும் நிறைந்ததும் பொன்னிறமாகிறது. அப்போது தாள்களின் இடைவெளி 0.37 நானோமீட்டராக விரிந்திருக்கும். மொத்த வீக்கம் பத்து விழுக்காடுதான். சார்ஜ் இறங்கியதும் பழைய அளவுக்கே சுருங்கிவிடும்.

நிறைந்த நிலையில் ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம். இதிலிருந்து ஆனோடின் கொள்திறனைப் பள்ளிக் கணக்காகவே போட்டுவிடலாம். ஒரு மோல் லித்தியம் அயனி சுமக்கும் மின்னூட்டம் 96,485 கூலும். ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடி என்று வகுத்தால் 26.8 ஆம்பியர்-மணி. ஆறு மோல் கார்பனின் எடை 72 கிராம். 26.8-ஐ 72-ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி. கிராஃபைட்டின் உச்சவரம்பு இது. இன்றைய தொழிற்சாலைகள் இந்த வரம்பை ஏறக்குறையத் தொட்டுவிட்டன. மேலும் வேண்டுமானால் பொருளையே மாற்ற வேண்டும்.

வேகத்திலும் கிராஃபைட்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. அது லித்தியத்தை ஏற்கும் மின்னழுத்தம், லித்தியம் உலோகமாகவே படியும் மின்னழுத்தத்துக்கு 0.1 வோல்ட் மேலேதான் இருக்கிறது. வேகமாகச் சார்ஜ் ஏற்றினாலோ கடுங்குளிரில் ஏற்றினாலோ உள்ளே நுழைய முடியாத லித்தியம் வாசலிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்தப் படிவு ஊசியாக வளர்ந்து சவ்வைத் துளைத்தால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்படும். பேட்டரி தீப்பிடிக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

பேட்டரியும் தாள்களும்: பழைய உறவு

இருபரிமாணப் பொருள்கள் பேட்டரி உலகுக்குப் புதிதாக வந்த விருந்தாளிகள் என்று நினைக்க வேண்டாம். மறுமுறை ஏற்றக்கூடிய லித்தியம் பேட்டரி தொடங்கியதே அடுக்குப் பொருளில்தான். 1970களில் அமெரிக்காவின் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் டைட்டானியம் டைசல்ஃபைடின் அடுக்குகளுக்குள் லித்தியத்தைச் செருகி எடுத்துக் காட்டினார். அங்கே அடுக்குப் பொருள் கேத்தோடாக இருந்தது, ஆனோடு லித்தியம் உலோகம். 1980களில் கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் மாலிப்டினம் டைசல்ஃபைடைக் கேத்தோடாக வைத்து மறுமுறை ஏற்றும் பேட்டரிகளை விற்பனைக்கே கொண்டுவந்தது. ஆனோடில் இருந்த லித்தியம் உலோகம் ஊசியாக வளர்ந்து தொல்லை கொடுத்தது. ஜப்பானில் செல்பேசிகளில் தீப்பிடித்ததால் 1989-இல் அவை திரும்பப் பெறப்பட்டன. உலோக லித்தியத்தை விட்டுக் கரிக்குப் போக வேண்டிய கட்டாயம் இப்படித்தான் அழுத்தமானது.

கரியும் உடனே வழிக்கு வரவில்லை. கிராஃபைட்டுக்குள் லித்தியத்தைச் செருகித் திரும்ப எடுக்க முடியும் என்பதை 1980களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் ரஷீத் யஸாமி திட மின்பகுளியை வைத்துக் காட்டினார். அப்போது வழக்கத்தில் இருந்த புரொப்பிலீன் கார்பனேட் என்ற திரவத்தில் அதே கிராஃபைட்டை வைத்தால், லித்தியத்தோடு திரவ மூலக்கூறுகளும் சேர்ந்து உள்ளே புகுந்து தாள்களை உரித்துப் போட்டன. அதனால் ஜப்பானில் அகிரா யோஷினோ 1985-இல் உருவாக்கிய மின்கலத்தில் அடுக்கு ஒழுங்கு குறைந்த பெட்ரோலியக் கோக் ஆனோடாக இருந்தது. சோனி 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம் அயனி பேட்டரியிலும் கிராஃபைட் இல்லை. எத்திலீன் கார்பனேட் கலந்த மின்பகுளி கிராஃபைட்டின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி உரிதலைத் தடுக்கிறது என்பது தெளிவான பிறகே கிராஃபைட் அரியணை ஏறியது. லித்தியம் அயனி பேட்டரியை வளர்த்தெடுத்ததற்காக விட்டிங்ஹாமும் யோஷினோவும் ஜான் குட்இனஃபும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பேட்டரிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்ட அந்த உரிதலை வேறு சிலர் வேண்டி விரும்பிச் செய்தார்கள். 1986-இல் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மாலிப்டினம் டைசல்ஃபைடுக்குள் லித்தியத்தைச் செருகி, அதைத் தண்ணீரில் போட்டார்கள். லித்தியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விட்டது. அந்த வாயு அடுக்குகளைத் தள்ளிப் பிரித்து ஒற்றைத் தாள்களாக மிதக்கவிட்டது. பிரிட்டனின் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்துக் கிராஃபீனைப் பிரித்தெடுத்தது 2004-இல். அதற்கு அவர்கள் 2010-இல் இயற்பியல் நோபல் பெற்றார்கள். பேட்டரிக்குள் நடந்தால் பழுது, வெளியே நடந்தால் தயாரிப்பு முறை. வினை ஒன்றுதான்.

ஒட்டுநாடா முறையில் கிடைப்பது தூசியளவுதான். பேட்டரிக்குக் கிலோக் கணக்கில் வேண்டும். அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரியில் ஜொனாதன் கோல்மன் குழுவினர் கிராஃபைட் பொடியைத் திரவத்தில் போட்டு அதிவேகமாகக் கலக்கினாலே தாள்கள் பிரிவதை 2014-இல் நிறுவினார்கள். சமையலறை மிக்சியும் பாத்திரம் துலக்கும் திரவமும் கூட இதற்குப் போதும் என்று செய்தே காட்டினார்கள். சோப்பு மூலக்கூறுகள் பிரிந்த தாள்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவை மறுபடி சேராமல் பார்த்துக்கொள்கின்றன.

ஓரணுத் தாள் தந்த நம்பிக்கை

தாளை ஏன் பிரிக்க வேண்டும்? கிராஃபைட்டில் ஓர் இடைவெளியை இரண்டு தாள்கள் பங்கு போடுகின்றன. தனித் தாளாக நின்றால் இருபக்கமும் அதற்கே சொந்தம். இரு பக்கமும் லித்தியம் அமர்ந்தால் ஆறு கார்பனுக்கு இரண்டு லித்தியம், கொள்திறன் 744, சரியாக இரட்டிப்பு. ஒரு கிராம் கிராஃபீனை ஒற்றைத் தாள்களாக விரித்தால் கோட்பாட்டின்படி 2,630 சதுர மீட்டர் மேற்பரப்பு, அதாவது அறுபது சென்ட் நிலத்துக்கு மேல். அயனி ஒரு துகளின் ஆழம்வரை துளைத்துச் செல்ல வேண்டிய தேவையும் இல்லை. பெரும்பாலான அணுக்கள் ஏற்கெனவே வாசலில் நிற்கின்றன. எனவே வேகமும் கூடும். தாள் மெல்லியது என்பதால் வளையும், வீக்கத்தைத் தாங்கும்.

2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிராஃபீன் தாள்களில் ஒரு கிராமுக்கு 540 மில்லி ஆம்பியர்-மணி அளந்தார்கள். தாள்களுக்கு இடையே கார்பன் நானோகுழாய்களையும் ஃபுல்லரீன் பந்துகளையும் செருகி இடைவெளியை அகட்டியபோது அது 700-ஐத் தாண்டியது. மாலிப்டினம் டைசல்ஃபைடை ஆனோடாக வைத்துப் பார்த்தார்கள். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு லித்தியத்தை வாங்கிக்கொண்டு மாலிப்டினமாகவும் லித்தியம் சல்ஃபைடாகவும் சிதைகிறது. மேலே போட்ட கணக்கையே போட்டால், நான்கை 26.8-ஆல் பெருக்கி மூலக்கூற்று எடையான 160-ஆல் வகுத்தால், 670 வருகிறது. எண்கள் பளபளத்தன.

மேற்பரப்பு கேட்கும் வாடகை

ஆனோடின் மேற்பரப்பில் மின்பகுளி நிலையாக இருப்பதில்லை. முதல் சார்ஜிலேயே அது கொஞ்சம் சிதைந்து, ஆனோடைத் தொடும் இடமெல்லாம் சில பத்து நானோமீட்டர் தடிமனில் ஒரு படலமாகப் படிகிறது. கிராஃபைட்டைக் காப்பாற்றியதே இந்தப் படலம்தான். ஆனால் அதைக் கட்ட லித்தியம் செலவாகிறது, செலவான லித்தியம் திரும்பி வராது. தொழிற்சாலைக் கிராஃபைட் துகள் பத்து இருபது மைக்ரான் பருமன் உள்ளது. ஒரு கிராமுக்கு அதன் மேற்பரப்பு சில சதுர மீட்டர்தான், ஆகவே முதல் சுற்று இழப்பு பத்து விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகிறது. கிராஃபீனிலோ மேற்பரப்பு நூறு மடங்குக்கும் மேல். அத்தனையையும் படலம் மூட வேண்டும். பல சோதனைகளில் முதல் சார்ஜில் உள்ளே போன லித்தியத்தில் பாதிதான் வெளியே வந்தது.

இந்த இழப்பு ஆய்வகத்தில் கண்ணை உறுத்தாததற்கு ஒரு காரணம் உண்டு. புதிய ஆனோடுப் பொருளைச் சோதிப்பவர்கள் ஆர்கான் வாயு நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள், பொத்தான் அளவு மின்கலத்தைக் கட்டுகிறார்கள். எதிரே கேத்தோடுக்குப் பதில் ஒரு லித்தியம் உலோக வட்டு. அதில் தேவைக்குப் பல மடங்கு லித்தியம் இருக்கிறது. படலம் எவ்வளவு தின்றாலும் தட்டுப்பாடு வராது, இரண்டாம் சுற்றிலிருந்து அளவெடுத்தால் வரைபடம் அழகாக இருக்கும். விற்பனைக்கு வரும் பேட்டரியில் லித்தியம் முழுவதும் கேத்தோடிலிருந்துதான் வர வேண்டும். அதில் பாதியை முதல் நாளே படலம் எடுத்துக்கொண்டால், மீதி வாழ்நாள் முழுதும் பாதி பேட்டரிதான்.

அடுத்த தொல்லை மின்னழுத்தம். பேட்டரி தரும் ஆற்றல் என்பது கொள்திறனைக் கேத்தோடு, ஆனோடு இரண்டின் மின்னழுத்த வேறுபாட்டால் பெருக்கியது. கிராஃபைட் தன் லித்தியத்தைப் பெரும்பாலும் 0.1, 0.2 வோல்ட் அளவிலேயே திருப்பித் தருகிறது. கிராஃபீன் தாள்கள் பூச்சியத்துக்கு அருகே தொடங்கி இரண்டு, மூன்று வோல்ட் வரை சரிந்துகொண்டே தருகின்றன. மாலிப்டினம் டைசல்ஃபைடும் ஒரு வோல்ட்டுக்கு மேலேயே பெரும்பகுதியைத் தருகிறது. ஆனோடு எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவு வோல்ட் பேட்டரியின் மொத்தத்தில் குறைந்துவிடும். கிராமுக்கு இரட்டிப்பு என்று சொன்ன லாபத்தில் பெரும்பங்கு இங்கே கரைகிறது.

இடப்பிரச்சினையும் உண்டு. செல்பேசியிலும் காரிலும் பேட்டரிக்கு ஒதுக்குவது கனஅளவு. பஞ்சாகப் பொங்கி நிற்கும் கிராஃபீன் பொடியை உருளைகளுக்கு இடையே விட்டு அழுத்தினால் தாள்கள் நனைந்த வெற்றிலைகள் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அழுத்தாவிட்டால் இடம் அடைக்கிறது, அழுத்தினால் மறுபடி கிராஃபைட்டாகிறது. படுக்கைவாட்டில் ஒட்டிய தாள்கள் வேகத்தையும் கெடுக்கின்றன. குறையில்லாத கிராஃபீனின் அறுகோணத்துக்குள் லித்தியம் புகுந்து மறுபுறம் வர முடியாது. ஓரம்வரை சுற்றித்தான் போக வேண்டும். தாள் அகலமாக ஆக, சுற்றும் நீள்கிறது.

ஒற்றைத் தாளின் இருபக்கக் கணக்கிலும் ஓட்டை இருந்தது. குறையற்ற தனித் தாளின்மேல் லித்தியம் அயனிகள் நெருங்கி அமர விரும்புவதில்லை, ஒன்றையொன்று விலக்குகின்றன என்பதை 2010-இல் வெளிவந்த அளவீடுகள் காட்டின. கிராஃபைட்டின் இடைவெளியில் மேலும் கீழும் கார்பன் இருப்பதால்தான் லித்தியம் அங்கே நிம்மதியாகத் தங்குகிறது. ஆய்வகத்தில் கிடைத்த கூடுதல் கொள்திறனில் பெரும்பகுதி தாளின் ஓரங்களிலும் கிழிசல்களிலும் ஒட்டியிருந்த ஆக்சிஜன் தொகுதிகளிலும் பிடிபட்ட லித்தியம்.

இடைவெளியை வடிவமைத்தல்

இந்தத் தோல்விகளைப் பார்த்தவர்களில் ஒரு சாரார் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். தாளைத் தனித்தனியாக்கி மேற்பரப்பைப் பெருக்குவதற்குப் பதில், தாள்களை அடுக்காகவே விட்டு இடைவெளியை மட்டும் நம் விருப்பப்படி அமைத்தால் என்ன? சோடியம் பேட்டரியில்தான் இதன் பயன் தெளிவாகத் தெரிந்தது.

சோடியம் கடலிலும் உப்பளத்திலும் கிடைப்பது. அது அலுமினியத்தோடு கலவையாகாது, ஆகவே ஆனோடுக்கும் தாமிரத்துக்குப் பதில் மலிவான அலுமினியத் தாளையே பயன்படுத்தலாம். ஆனால் கிராஃபைட் சோடியத்தை உள்ளே விடுவதில்லை. கிராமுக்கு 35 மில்லி ஆம்பியர்-மணி கிடைத்தாலே பெரிது. சோடியம் அயனி பெரிது, அதனால் நுழையவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடத் தோன்றும். லித்தியம் அயனியின் ஆரம் 0.076 நானோமீட்டர், சோடியத்துக்கு 0.102. ஆனால் 0.138 ஆரமுள்ள பொட்டாசியம் அதே கிராஃபைட்டுக்குள் தாராளமாக நுழைந்து, எட்டுக் கார்பனுக்கு ஒன்று என்று அமர்கிறது. ஆக உருவம் மட்டும் காரணம் இல்லை. தாள்களை அகட்ட ஆகும் ஆற்றலுக்கும், உள்ளே போன அயனி கார்பனோடு ஒட்டுவதால் திரும்பக் கிடைக்கும் ஆற்றலுக்கும் இடையிலான வரவு செலவில் சோடியத்துக்கு மட்டும் நஷ்டம் விழுகிறது.

அப்படியானால் அகட்டும் செலவை நாமே முன்கூட்டிக் கட்டிவிடலாம். 2014-இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தினர் கிராஃபைட்டை ஆக்சிஜனேற்றி, பிறகு அரைகுறையாகவே ஒடுக்கி, இடைவெளியை 0.43 நானோமீட்டராக வைத்தார்கள். சோடியத்துக்கான கொள்திறன் 284-ஆக உயர்ந்தது. 2021-இல் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தினர் இன்னும் நுட்பமாகப் போனார்கள். கிராஃபீன் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் பென்சீன் வளையம் கொண்ட சிறு மூலக்கூறுகளை நட்டு, அப்படிப்பட்ட தாள்களை அடுக்கினார்கள். அந்த மூலக்கூறு தூணாக நின்று இடைவெளியைத் தாங்குகிறது, சோடியத்தை இழுத்துப் பிடித்தும் வைக்கிறது. கொள்திறன் 332. லித்தியத்துக்குக் கிராஃபைட் தருவதை நெருங்கிய எண். இன்று சந்தைக்கு வரும் சோடியம் பேட்டரிகள் ஒழுங்கற்ற அடுக்குகள் கொண்ட ஹார்டு கார்பனை நம்பியிருக்கின்றன. அதன் ஆற்றலும் கோணல்மாணலான தாள்களுக்கு இடையே உள்ள அகன்ற சந்துகளிலும் துவாரங்களிலும்தான் இருக்கிறது.

மேக்ஸீனின் பிறப்பும் ஆனோடுத் தேடலோடு இணைந்ததுதான். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பார்சூம் பல ஆண்டுகளாக ஆய்ந்துவந்த ஒருவகை அடுக்குப் பீங்கான்களில் டைட்டானியமும் கார்பனும் சேர்ந்த அடுக்குகளுக்கு நடுவே அலுமினிய அணு அடுக்கு இருக்கும். யூரி கோகோட்ஸியும் மைக்கேல் நகீபும் அவரோடு சேர்ந்து அந்தப் பொடியை அறை வெப்பத்தில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் இரண்டு மணி நேரம் ஊறவிட்டார்கள். அமிலம் அலுமினியத்தை மட்டும் அரித்துத் தின்றுவிட, டைட்டானியம் கார்பைடுத் தாள்கள் விசிறிபோல் விரிந்து நின்றன. 2011-இல் இது வெளியானது. மேக்ஸீன் உலோகத்துக்கு நிகராக மின்சாரம் கடத்தும், தண்ணீரிலும் எளிதில் கலையும். அதன் இடைவெளிகளில் லித்தியம், சோடியம், பொட்டாசியம் மட்டுமின்றி மக்னீசியமும் கூட நுழையும். கொள்திறன் கிராஃபைட்டைப் பெரிதாக மிஞ்சாது. வேகத்தில்தான் அதன் பெருமை. குறை என்னவென்றால் ஈரமும் காற்றும் பட்டால் நாளடைவில் டைட்டானியம் ஆக்சைடாக மாறிவிடும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ தோலைத் துளைத்து எலும்பின் கால்சியம் வரை போகக் கூடியது. 2014-இல் அதே குழு லித்தியம் ஃபுளோரைடையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்து, ஆபத்துக் குறைந்த வழி ஒன்றைக் கண்டது.

எண்ணைப் படிக்கும் முறை

பாஸ்பரஸ் இன்னொரு பாடம். ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவும் மூன்று சோடியத்தை வாங்கும். மூன்றை 26.8-ஆல் பெருக்கி 31-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,600. கிராஃபைட்டைப் போல் ஏழு மடங்கு. ஆனால் அத்தனையும் உள்ளே போகும்போது பாஸ்பரஸ் பல மடங்கு வீங்கி நொறுங்கும். ஸ்டான்ஃபோர்டில் யீ சூயின் குழு 2015-இல் கருப்பு பாஸ்பரஸின் சில அடுக்குத் தாள்களான பாஸ்ஃபரீனைக் கிராஃபீன் தாள்களுக்கு நடுவே வைத்தது. கிராஃபீன் வீக்கத்துக்கு வளைந்து கொடுத்தது, மின்சாரத்தையும் கடத்தியது. கிடைத்த கொள்திறன் 2,440. ஆனால் இந்த எண் பாஸ்பரஸின் எடைக்கு மட்டும் கணக்கிட்டது என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். உடனிருக்கும் கிராஃபீனின் எடையைச் சேர்த்தால் எண் இறங்கும். நூறு சுற்றுக்குப் பின் அதில் 83 விழுக்காடு மிஞ்சியது. ஆய்வுக்கு இது நல்ல முடிவு. ஆனால் கார் பேட்டரி ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓட வேண்டும்.

இப்படிப்பட்ட பெரிய எண்கள் பேட்டரியை எவ்வளவு மாற்றும் என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு ஆம்பியர்-மணி தரும் மின்கலம் செய்ய, கிராமுக்கு 180 மில்லி ஆம்பியர்-மணி தரும் கேத்தோடு 5.6 கிராம் வேண்டும். கிராஃபைட் ஆனோடு 2.7 கிராம். மொத்தம் 8.3. ஆனோடின் கொள்திறனை 1,000 ஆக்கினால் ஆனோடு ஒரு கிராம் போதும். மொத்தம் 6.6, அதாவது ஐந்தில் ஒரு பங்கு லாபம். அதையும் மூன்று மடங்காக்கி 3,000 ஆக்கினால் மொத்தம் 5.9. கூடுதல் லாபம் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. தாமிரம், அலுமினியம், மின்பகுளி, உறை ஆகியவற்றின் எடையைச் சேர்த்தால் இன்னும் சுருங்கும். கேத்தோடு மாறாதவரை ஆனோடில் 3,000-ஐத் துரத்துவது வீண்வேலை. 1,000 தந்து, முதல் சுற்றில் இழக்காமல், வீங்காமல், ஆயிரம் சுற்று தாங்கும் பொருள் அதைவிடப் பெரிய பரிசு.

சோதனையில் பூசிய தடிமனையும் கேட்க வேண்டும். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராம் பூசிச் சோதிப்பது வழக்கம். தொழிற்சாலையில் பத்து மில்லிகிராம் அளவுக்குப் பூசுவார்கள். மெல்லிய பூச்சில் அயனிகள் பறப்பது தடித்த பூச்சில் நடக்காது. அதற்கும் வழி தேடியிருக்கிறார்கள். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஷியாங்ஃபெங் துவான் குழு கிராஃபீன் தாள்களிலேயே நானோத் துளைகள் இட்டு, அயனிகளுக்குக் குறுக்குவழி அமைத்தது. அந்தச் சட்டத்தின்மேல் நியோபியம் ஆக்சைடை வளர்த்து, தொழிற்சாலை அளவுக்குத் தடித்த பூச்சிலும் வேகம் குறையாததை 2017-இல் காட்டியது.

தாள்கள் பிடித்திருக்கும் இடம்

ஆனோடின் முழு உடலாக ஆக முடியாத தாள்கள், அதற்குள் துணையாளாக ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்துவிட்டன. பேட்டரிப் பூச்சில் மின்கடத்தலுக்காகக் கரிப்புகைப் பொடி கலப்பது பழைய வழக்கம். அதற்குப் பதிலாகவோ கூடவோ கிராஃபீன் குழம்பைச் சேர்ப்பது சீனத் தொழிற்சாலைகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான கிராஃபீன் போதும். அவ்வளவு குறைவாக இருக்கும்போது மேற்பரப்பின் செலவும் அடங்கியே இருக்கிறது.

அடுத்த இடம் சிலிக்கானின் மேல். சிலிக்கான் கிராமுக்கு 3,579 மில்லி ஆம்பியர்-மணி வரை தரும். அதற்கு ஈடாக ஏறக்குறைய நான்கு மடங்கு கனஅளவுக்கு வீங்கும். வீங்கி உடையும் ஒவ்வொரு முறையும் புதிய மேற்பரப்பு வெளிப்படும், புதிய படலம் லித்தியத்தைத் தின்னும். 2016-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சிலிக்கான் துகள்களைச் சுற்றி உள்ளே காலியிடம் விட்டுக் கிராஃபீன் கூண்டு கட்டினார்கள். துகள் உள்ளே உடைந்தாலும் துண்டுகள் கூண்டுக்குள்ளேயே மின்தொடர்போடு இருந்தன. படலம் கூண்டின் வெளிப்புறத்தில் ஒரே முறை படிந்து நிலைத்தது. மேற்பரப்பைக் கூட்டுவதற்குப் பயன்பட்ட தாள் இங்கே மேற்பரப்பை மறைக்கப் பயன்படுகிறது.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குறைவேக மின்ஸ்கூட்டர்களில் ‘கிராஃபீன் பேட்டரி’ என்ற பெயரில் வருபவற்றில் பல, தகட்டுப் பசையில் கொஞ்சம் கிராஃபீன் கலந்த ஈய-அமில பேட்டரிகள். ஈய-அமிலத்தில் அது ஆயுளைக் கூட்டலாம், ஆனால் அதனால் அது லித்தியம் பேட்டரி ஆகிவிடாது. தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்: 12 வோல்ட், 32 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்றே பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும்.

தாள்களைப் பற்றிப் பேசும்போது தாய்ப்பொருளை மறந்துவிடக் கூடாது. உலகில் பேட்டரிக்கான கிராஃபைட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவில் பதப்படுத்தப்படுகிறது. 2023 டிசம்பர் முதல் அதன் ஏற்றுமதிக்குச் சீன அரசு உரிமம் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்து மண்ணில் செதில் கிராஃபைட் இருக்கிறது. அரசின் டாமின் நிறுவனம் அதை வெட்டியெடுத்துச் செறிவூட்டுகிறது. அதே மாவட்டத்தின் காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் லித்தியம் பேட்டரிகளிலும் ஆய்வு செய்கிறது. மண்ணில் கிடைக்கும் செதில் பேட்டரிக்குப் போக 99.95 விழுக்காடு தூய்மை பெற வேண்டும், உருண்டையாக்கப்பட வேண்டும், மேற்பூச்சும் பெற வேண்டும். செதிலை உருண்டையாக்குவதே மேற்பரப்பைக் குறைக்கத்தான். தொழிற்சாலைகள் முப்பது ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கும் இந்தப் படிப்பினையை நானோத் தாள் ஆய்வாளர்களும் இப்போது கைக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த பத்தாண்டின் ஆனோடும் பெரும்பாலும் கிராஃபைட்டாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. கூடவே சிலிக்கான் இருக்கும், இரண்டையும் கட்டிப்போடச் சிட்டிகையளவு ஓரணுத் தாள் இருக்கும். சோடியம் பேட்டரியில் தாள்களுக்கு இன்னும் பெரிய பங்கு கிடைக்கலாம், ஏனென்றால் அங்கே இடைவெளியை நாமே கட்டித்தான் ஆக வேண்டும். இனி ஒரு புதிய தாள் பத்து மடங்கு கொள்திறன் தருகிறது என்று செய்தி வந்தால், முதல் சுற்றில் எவ்வளவு லித்தியம் திரும்பி வந்தது என்று தேடிப் பாருங்கள். அந்த ஓர் எண் இல்லாத செய்தியில் பேட்டரி இன்னும் பிறக்கவில்லை.